வானொலிப் பெட்டிக்குள் ஒரு முகமூடி

"எந்த ஊர்?" என்று வெளியூரில் யாரேனும் கேட்டால், "சாத்தான்குளம்" என்று சொல்லிவிட்டு, கேட்டவர் முகத்தில் எழும் புன்னகைக்காகச் சற்றுக் காத்திருப்பது நமக்கு இளமை முதலே பழகிப்போன ஒன்று. "கத்தோலிக்கக் குடும்பம்; ஊரோ சாத்தான்குளம்!" என்று வேடிக்கை பேசியவர்கள் பலர். அவர்களுக்கு நாம் சொல்லிவந்த விடையும் ஒன்றே. சாத்தான் வேறு, சாத்தன் வேறு. சாத்தன் என்பது பழந்தமிழர் தம் பிள்ளைகளுக்கு இட்ட நற்பெயர். மணிமேகலைக் காப்பியத்தை இயற்றியவரும் சாத்தனாரே. நம் பக்கத்துச் சிற்றூர்களில் பனங்காட்டு ஓரங்களில் கோயில் கொண்டிருக்கும் ஐயனாருக்கும் சாத்தன் என்றே பெயர். ஊரின் பெயர் தீயதன்று. கேட்போர் காதில் அது தீயதாக விழுகிறது, அவ்வளவே.

இவ்வாறு, உள்ளே ஒன்றும் வெளியே மற்றொன்றுமாகத் தோன்றும் பெயரைச் சுமந்த ஊரில் பிறந்ததாலோ என்னவோ, முகமூடி அணிந்தவர்களின் கதைகள்மேல் நமக்கு என்றுமே ஓர் ஈர்ப்பு உண்டு. அந்த ஈர்ப்பைப் பற்றியும், அது நம் வீட்டில் ஏற்படுத்திய ஒரு காயத்தைப் பற்றியும், அறுபதைக் கடந்துவிட்ட இந்த வயதில் வாசக அன்பர்களிடம் மனம் திறந்து பேச விழைகிறோம்.

நம் தந்தையார் கடைவீதியில் சிறிய கருப்பட்டிக் கடை வைத்திருந்தார். பதனீர்க் காலத்தில் சுற்றுவட்டாரத்துப் பனையேறிகள் ஓலைப் பெட்டிகளில் கொண்டுவரும் கருப்பட்டியை வாங்கி, வெளியூர்களுக்கு அனுப்புவது அவர் தொழில். பெரிய வருவாய் இல்லை. எனினும் வீட்டின் நடுக்கூடத்தில், சுவரில் பதித்த பலகையின்மேல், ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. அதைப் போட்டதும் ஒலி வராது. உள்ளே வால்வுகள் சூடேறிச் செந்நிறம் கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் அஞ்சல் நிலையத்தில் பணம் கட்டி உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அந்த உரிமப் புத்தகத்தை அம்மா செபப் புத்தகத்தோடு சேர்த்து வைத்திருந்தார்.

மன்னார் வளைகுடாவுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலியின் ஒலி நம் கரைக்குத் தெளிவாக வந்து சேர்ந்த காலம் அது. மாலையானதும் அக்கம்பக்கத்தார் திண்ணையிலும் கூடத்திலும் வந்து அமர்வார்கள். திரைப்பாடல்களுக்குக் கூடியவர்களைவிட நாடகங்களுக்குக் கூடியவர்களே மிகுதி. 'கோமாளிகளின் கும்மாளம்' ஒலிபரப்பாகும்போது, சிரிப்பில் அடுத்த வசனம் கேட்காமல் போய்விடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த பெரியவர்களை நாம் கண்டிருக்கிறோம். அந்த நாடகமே 1976-இல் 'கோமாளிகள்' என்னும் திரைப்படமாகவும் வந்தது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. காதுக்கு எல்லாம் இருந்தது. இது நம் கரைக்குப் புதிதும் அன்று. 1542-இல் இம்முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், எழுத்தறியாத மக்களுக்குச் செபங்களைத் தமிழில் சொல்லிச் சொல்லியே மனத்தில் பதித்தார். கேட்டு நம்புவது நம் முன்னோருக்குக் கைவந்த பழக்கம்.

வானொலியில் கேட்ட குரல்களுக்கு முகம் கொடுக்க நமக்கு உதவியவை சிவகாசியிலிருந்து வந்த படக்கதைகள். 1972-இல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட 'இரும்புக்கை மாயாவி' நம் வகுப்பில் கைமாறிக் கைமாறி, அட்டை கிழிந்து, ஓரங்கள் சுருண்டுபோயிற்று. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் மிதந்துசெல்லும் அந்த வீரனே அன்று நம் இலட்சியம். நல்லவன் என்றால் மறைந்து நிற்க வேண்டும். தீயவனை ஓங்கி அடிக்க வேண்டும். அடித்தபின் ஊர் வியக்க வேண்டும். பதின்மூன்று வயதில் நாம் கண்ட அறநூல் இதுதான்.

அந்த வயதில்தான், 1974-ஆம் ஆண்டில், அது நிகழ்ந்தது. நம் பங்கில் ஏழையர் உதவிக்கென்று ஒரு சிறு நிதி இருந்தது. ஞாயிறுதோறும் சேரும் காசு ஒரு தகரப் பெட்டியில் வைக்கப்படும். நோயாளிகளுக்கும் கைம்பெண்களுக்கும் அதிலிருந்து உதவி செல்லும். அந்தக் கணக்கு தந்தையாரின் பொறுப்பில் இருந்தது. திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்திய ஞாயிறன்று, திருப்பலிக்குப் பின் கணக்கை வாசித்தபோது 340 ரூபாய் குறைந்தது. அக்காலத்தில் அது சிறிய தொகை அன்று. கோயில் முற்றத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தந்தையார் எழுந்து நின்றார்.

"பிசகுனது என் கைதான். கொறையுத பணத்தை நானே கெட்டிருதேன்" என்றார்.

வேறொன்றும் சொல்லவில்லை. எப்படிப் பிசகியது என்று கேட்டவர்களுக்கும் விடை இல்லை. அந்த வாரமே வானொலிப் பெட்டி விற்கப்பட்டது. போதாமல்போன தொகைக்கு அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குச் சென்றது. பெட்டி இருந்த பலகையில் அம்மா ஒரு மாதா சொரூபத்தை வைத்தார். பணம் கட்டப்பட்டது; ஆனால் பெயர் மீளவில்லை. கணக்குப் பொறுப்பு வேறொருவர் கைக்குப் போயிற்று. கடைக்கு வருவோர், எடைத்தட்டை ஒருமுறைக்கு இருமுறை பார்க்கத் தொடங்கினர்.

பள்ளியில் ஒருநாள் மாணவர் சிலர் நம்மைச் சூழ்ந்துகொண்டனர். "ஏல, ஒங்கப்பா கோயில் பணத்தைத் தின்னுட்டாராமே?" என்று ஒருவன் கேட்டான். நாம் சினந்து எழுந்திருக்கலாம். மாயாவியைப் போல் ஓர் அடி கொடுத்திருக்கலாம். குறைந்தபட்சம் "இல்லை" என்ற ஒரு சொல்லையாவது சொல்லியிருக்கலாம். நாம் சொன்னது வேறு. "எனக்கென்ன தெரியும்? எடுத்தாலும் எடுத்திருப்பாவ" என்றோம். அவர்கள் நகைத்தபோது நாமும் உடன் நகைத்தோம். நெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டு, அவரை அறியேன் என்று மறுதலித்த பேதுருவைப் பற்றிப் புனித வாரத்தில் வாசிக்கக் கேட்கும்போதெல்லாம், அந்தப் பள்ளி முற்றத்து வேப்பமரமே இன்றளவும் நம் கண்முன் வந்து நிற்கிறது.

தந்தையார்மேல் நமக்கிருந்த சினத்துக்கு உண்மையான காரணம் பணம்கூட அன்று. அவர் நிமிர்ந்து நின்று எதிர்க்கவில்லையே என்பதும், நம் வானொலியைப் பறித்துவிட்டாரே என்பதுமே. அவர் ஒரு கோழை என்றே நாம் முடிவுசெய்தோம். அந்த முடிவோடு வளர்ந்தோம், படித்தோம், ஆசிரியரானோம்.

இனி, அன்பர்கள் பொறுத்தருள்வார்களாயின், நெடுந்தொலைவு ஒன்று செல்லவேண்டியிருக்கிறது. 2020-ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில், அமெரிக்காவில் டெட்ராய்ட் நகருக்கு அருகே வேலை பார்க்கும் நம் தங்கை மகன், "மாமா, ஒங்களுக்குத்தான் வானொலி நாடகம்னா பிடிக்குமே, இது இந்த ஊரிலே பிறந்தது" என்று சொல்லிப் பழைய ஒலிப்பதிவுகள் சிலவற்றைக் கைப்பேசிக்கு அனுப்பிவைத்தான். ஆங்கிலம் விரைந்து ஓடியது, பாதி புரிந்தது, மீதியைப் பழைய பழக்கத்தால் ஊகித்துக்கொண்டோம். கதவடைத்த வீட்டில், இரவு உணவுக்குப்பின், மீண்டும் பதின்மூன்று வயதுச் சிறுவனாக அமர்ந்து கேட்டோம்.

டெட்ராய்ட் நகரின் டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இசட். என்னும் வானொலி நிலையத்திலிருந்து 1933-இல் 'லோன் ரேஞ்சர்' என்னும் தொடர் புறப்பட்டது. முகமூடி அணிந்து, வெண்புரவி ஏறிவந்து, எளியோரைக் கொள்ளையரிடமிருந்து காத்து, நன்றி சொல்ல ஆள் திரும்புவதற்குள் மறைந்துவிடும் ஒரு வீரனின் கதை அது. 1954 வரை நீடித்தது. அதன் வெற்றியைக் கண்ட நிலைய உரிமையாளர் ஜார்ஜ் டிரெண்டிலும் எழுத்தாளர் ஃபிரான் ஸ்டிரைக்கரும், அதே நிலையத்திலிருந்து 1936 ஜனவரி 31 அன்று மற்றொரு முகமூடியை அனுப்பினர். அவன் பெயர் 'கிரீன் ஹார்னெட்', அதாவது பச்சைக் குளவி. 1952 வரை அவன் அமெரிக்க வீடுகளின் கூடங்களில் ரீங்காரமிட்டான்.

கேட்கக் கேட்க நமக்கொரு ஐயம் எழுந்தது. வானொலியில் முகமூடி எதற்கு? மேடையிலும் திரையிலும் முகத்தை மறைப்பதற்குப் பொருள் உண்டு. முகமே தெரியாத வானொலியில், இல்லாத முகத்தின்மேல் காணாத துணியைக் கட்டுவானேன்? பிறகே விளங்கிற்று. வானொலியில் குரலே முகம். ஆகவே ஒலியே முகமூடி. ரிம்ஸ்கி-கார்சகாவின் வண்டு பறக்கும் இசையும், அதனோடு எழும் குளவியின் ரீங்காரமும் கேட்டால் போதும், கேட்போர் மனத்தில் பச்சை முகமூடி தானே வந்து அமர்ந்துவிடும். 1940-இல் தொடங்கிய சூப்பர்மேன் வானொலித் தொடரில் நடித்த பட் காலியர், எளிய பத்திரிகையாளராகப் பேசும்போது மென்குரலிலும், வீரனாக மாறும் கணத்தில் அதே வாக்கியத்தின் நடுவிலேயே குரலைத் தாழ்த்திக் கனத்த தொனியிலும் பேசுவார். உடை மாறியதைக் காது கண்டுகொள்ளும். அவர் தம் ஆலயத்தில் ஞாயிறுதோறும் சிறுவருக்கு மறைக்கல்வி கற்பித்தவர் என்று அறிந்தபோது நமக்குத் தனியொரு மகிழ்ச்சி உண்டாயிற்று. 1941-இல் லோன் ரேஞ்சராக நடித்துவந்த ஏர்ல் கிரேசர் கார் விபத்தில் இறந்தார். தொடரை நிறுத்தாமல், வீரன் படுகாயமுற்றுப் பேச இயலாது கிடப்பதாகச் சில நாள் கதையை நடத்தினர். பின்னர், புதிய நடிகரின் குரலில் வீரன் தேறி எழுந்தான். முகமூடி அதுவே, குரல் வேறு. குதிரையின் குளம்பொலியை இரு சிரட்டைகளைத் தட்டியே எழுப்பிய அந்த வானொலிக் காலத்தில், கேட்போரின் நம்பிக்கையே நாடகத்தில் பாதியாக இருந்தது.

ஆயினும் பச்சைக் குளவி நம்மை உலுக்கியது வேறொரு காரணத்தால். மற்ற வீரர்களை ஊர் போற்றுகிறது. இவனையோ ஊர் குற்றவாளி என்றே நம்புகிறது. பிரிட் ரீட் என்பவர் 'டெய்லி சென்டினல்' என்னும் நாளிதழின் உரிமையாளர். பகலில் செல்வந்தர். இரவில் முகமூடி அணிந்து, கேட்டோ என்னும் உதவியாளர் ஓட்டும் காரில் புறப்படுகிறார். கொல்லாத ஒரு துப்பாக்கியே அவர் கருவி. அதிலிருந்து வரும் புகை எதிரியை மயக்குமே தவிர மாய்க்காது. குற்றக் கூட்டத்தாரிடம், தானும் ஒரு பெருங்குற்றவாளி என்று காட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து, அவர்களைச் சட்டத்தின் கையில் சிக்கவைத்துவிட்டு நீங்குகிறார். காவலர் அவரைத் தேடுகின்றனர். அவருடைய சொந்தப் பத்திரிகையில் பணிபுரிபவரே, குளவியைப் பிடித்தே தீருவேன் என்று அலைகிறார். ஒவ்வொரு கதையின் முடிவிலும் தீமை பிடிபடுகிறது. நன்மை செய்தவன் பெயரோ மேலும் கெடுகிறது. அந்தக் கெட்ட பெயரே அவன் அணிந்த உண்மையான முகமூடி.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஓர் இரவில் கைப்பேசியை அணைத்துவிட்டு நெடுநேரம் இருளில் அமர்ந்திருந்தோம். 1998-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது.

அந்த ஆண்டில் தந்தையார் இறைவனடி சேர்ந்தார். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து உறவினர் கலைந்த பின்பு, வெளியூரில் மளிகைக் கடை வைத்து நல்ல நிலையில் இருந்த ஒருவர் தனியே வந்து, அம்மாவின் எதிரே தரையில் அமர்ந்தார். 1974-இல் பங்கின் ஏழையர் நிதிக்குப் பணம் திரட்டித் தந்த இளைஞர்களில் அவரும் ஒருவர். குழந்தை மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது தகரப் பெட்டியிலிருந்து பணத்தை எடுத்தவர் தாமே என்று சொல்லி அழுதார். திரும்ப வைத்துவிடலாம் என்று எண்ணினாராம், முடியவில்லையாம். கணக்கு வாசிப்பதற்கு முந்திய இரவு தந்தையாரிடம் வந்து உண்மையைச் சொல்லியிருக்கிறார். "நீ இப்பதான் கடை வைக்கப் போற. பேரு கெட்டா ஒனக்கு யாரு சரக்குக் கொடுப்பா? எனக்குன்னா ஒரு கடை இருக்கு, ஊரு கொஞ்ச நாள்ல மறந்துரும்" என்று தந்தையார் சொல்லி அனுப்பிவிட்டாராம். ஊர் மறக்கவில்லை. தந்தையாரும் அந்தச் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகள்.

"இதை நான் ஊருக்கு முன்னால சொல்லிருதேன் மதினி" என்றார் அவர்.

அம்மா சிறிது நேரம் மாதா சொரூபம் இருந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, எனக்கு அன்னைக்கே தெரியும். ஒம்ம பிள்ளை ஆஸ்பத்திரியில கெடந்ததை நானுந்தானே வந்து பாத்தேன். ஊருக்குச் சொல்லாண்டாம். இவங்கிட்ட சொன்னீருல்லா, அது போதும்" என்று நம்மைக் காட்டினார்.

அம்மாவுக்கு அந்தப் பள்ளி முற்றத்துச் செய்தியும் தெரிந்திருந்ததோ என்னவோ, நாம் கேட்கவில்லை. கேட்கும் துணிவும் நமக்கு இருந்ததில்லை.

பச்சைக் குளவித் தொடரில் 1947-இல் ஒலிபரப்பான ஒரு பகுதி உண்டு. பிரிட் ரீட் தம் முதிய தந்தையிடம், ஊர் வெறுக்கும் அந்த முகமூடி மனிதன் தாமே என்று ஒப்புக்கொள்கிறார். முதலில் தந்தை திடுக்கிடுகிறார். பின்னர், தாம் இளைஞனாக இருந்தபோது தம் குடும்பத்து முன்னோர் ஒருவரோடு மேற்கு நாட்டில் குதிரையேறித் திரிந்ததை நினைவுகூர்ந்து, மகனை எண்ணிப் பெருமிதம் கொள்கிறார். அந்த முன்னோரின் பெயர் சொல்லப்படவில்லை. ஆனால் அக்கணத்தில் பின்னணியில் லோன் ரேஞ்சர் தொடரின் இசை மெல்ல எழுகிறது. கேட்போர் அனைவரும் அறிந்துகொள்கின்றனர். தந்தை உயிரோடிருக்கும்போதே உண்மை வெளிப்பட்டது அந்தக் கதையின் பேறு. நமக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. நம் வீட்டில் உண்மை வந்து சேர்ந்தபோது, தந்தையாரின் நாற்காலி வெறுமையாக இருந்தது.

இத்துடன் நிறுத்திக்கொண்டால், மறைந்து நன்மை செய்வோரைப் போற்றும் ஓர் எளிய கட்டுரையாக இது முடிந்திருக்கும். வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற ஆண்டவரின் போதனையை நினைவூட்டி விடைபெற்றிருக்கலாம். ஆனால் அந்த ஒலிப்பதிவுகளை நாம் கேட்டது 2020 கோடைகாலத்தில், அதுவும் சாத்தான்குளத்தில். அதற்குமேல் அவ்வளவு எளிதாக எழுத இயலவில்லை.

அந்த நாட்களில் நாம் எல்லாருமே முகக்கவசம் அணிந்து திரிந்தோம். ஜூன் 19 அன்று, ஊரடங்கு விதியை மீறிக் கடையைத் திறந்திருந்ததாகச் சொல்லப்பட்டு, நம் கடைவீதியில் கைப்பேசிக் கடை நடத்திவந்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்ட இருவரும், ஜூன் 22 இரவிலும் 23 காலையிலும் அடுத்தடுத்து உயிரிழந்தனர். நாடே அதிர்ந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்து, காவலர் பலர்மீது கொலைக் குற்றம் சாட்டியது. நம் ஊரின் பெயர் மறுபடியும் ஊரார் வாயில் வேறு பொருளில் ஒலித்தது. இம்முறை புன்னகைக்க யாருக்கும் மனமில்லை.

குற்றத்தைத் தடுக்கவென்று அணிந்த சீருடையே குற்றத்தை மறைக்கும் முகமூடியாகவும் மாறக்கூடும் என்பதை நாம் அந்நாட்களில் கண்டோம். வானொலிக் கதைகளும் இதை அறியாதவை அல்ல. 1946-இல் சூப்பர்மேன் தொடர், பதினாறு பகுதிகளில், வெள்ளை முகமூடி அணிந்து இரவில் சிலுவையைக் கொளுத்தி எளியோரை அச்சுறுத்தும் ஒரு கூட்டத்தை எதிர்த்துக் கதை சொன்னது. கறுப்பினத்தாரையும் யூதரையும் நம் கத்தோலிக்கத் திருச்சபையையும் பகைத்த 'கூ க்ளக்ஸ் கிளான்' என்னும் உண்மையான கூட்டத்தையே அது குறித்தது என்பது கேட்டோர் அனைவருக்கும் விளங்கியது. இரு தரப்பிலும் வேடம். எனவே வேடத்தைக் கொண்டு நல்லவனையும் தீயவனையும் பிரித்தறிய முடியாது. வேறு அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோலை நாம் டெட்ராய்ட்டில் தேட வேண்டியதில்லை. நம் பாண்டி நாட்டிலேயே இருக்கிறது. கொற்கை முத்துக்கு உரியவராக விளங்கிய பாண்டியர் மரபில் ஒரு மன்னன், மாறுவேடம் பூண்டு மதுரைத் தெருக்களில் இரவுக் காவல் செல்வானாம். வெளியூர் சென்ற கீரந்தை என்பானின் வீட்டை, அவன் மனைவிக்குத் தீங்கு நேராதபடி நாள்தோறும் காத்துவந்தான். ஒருநாள் இரவு உள்ளே ஆண் குரல் கேட்டுக் கதவைத் தட்டிவிட்டான். திரும்பி வந்திருந்த கணவனே பேசினான் என அறிந்ததும், அவள்மேல் ஐயம் விழாதபடி அத்தெருவின் எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டு அகன்றான். மறுநாள் அவையில் முறையீடு வந்தது. கதவைத் தட்டியவனின் கையை வெட்டுவதே தகும் என்று அவையோர் கூற, "அவன் நானே" என்று சொல்லித் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டான். பொன்னாற் செய்த கை பொருத்தப்பெற்றுப் பொற்கைப் பாண்டியன் எனப்பட்டான். சிலப்பதிகாரமும் இவ்வரலாற்றைக் குறிப்பிடுகிறது.

நம் சிறுவயது வீரனுக்கு இரும்புக் கை. இவனுக்குப் பொற்கை. அவன் மறைவதற்கு அந்தக் கை; இவன் வெளிப்பட்டதற்கு இந்தக் கை. பிறருடைய மானத்தைக் காக்கப் பாண்டியன் தன் பெயரை மறைத்தான். தன் பிழைக்குப் பதில் சொல்லும் நேரம் வந்ததும் வேடத்தைக் கழற்றி அவை நடுவே நின்றான். பிறர் குறையை மூடும் முகமூடி அன்பு. தன் குற்றத்தை மூடும் முகமூடி வன்முறை. துணி ஒன்றுதான், யாரைக் காக்கிறது என்பதே கேள்வி.

2020-இல் நம் ஊரில் இன்னொன்றும் நிகழ்ந்தது. அதே காவல் நிலையத்தில் பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர், விசாரிக்க வந்த நீதித்துறை நடுவர்முன், தாம் கண்டதை மறைக்காமல் வாக்குமூலமாகச் சொன்னார். தம்மோடு பணியாற்றியவர்களுக்கு எதிராக, தமக்கும் தம் குடும்பத்துக்கும் என்ன நேருமோ என்ற அச்சத்தின் நடுவே, தம் பெயரோடும் தம் முகத்தோடும் அதைச் செய்தார். நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்பு அளிக்க ஆணையிட்டது. வானொலி வீரர் எவருக்கும் தேவைப்படாத துணிவு அது. முகமூடி அணிந்து உண்மை பேசுவது கதையில் அழகு. வாழ்வில், முகத்தைக் காட்டிப் பேசப்படும் உண்மையே சான்றாகிறது.

ஆகவே, நம் தந்தையாரின் மௌனம் சரியா என்று இன்று யாரேனும் கேட்டால், தயக்கத்தோடுதான் விடை சொல்ல முடிகிறது. வலியவரைக் காக்கும் மௌனமாக அது இருந்திருப்பின் பாவமே. அது ஒரு நோயாளிக் குழந்தையின் தகப்பனைக் காத்தது; தொகை முழுவதும் ஏழையரின் பெட்டிக்குத் திரும்பியது; இழப்பு முழுவதும் மௌனம் காத்தவரையே சேர்ந்தது. ஆனால் முற்றிலும் அவரை மட்டுமன்று. அம்மாவின் கம்மல் மீளவே இல்லை. தந்தையை இகழ்ந்து வளர்ந்த ஒரு மகனும் அந்த இழப்பில் ஒரு பகுதி. அறியாமல் பிறரும் விலை கொடுத்தனர் என்பதை மறைத்து அவரைப் புனிதராக்க நாம் விரும்பவில்லை, அவரும் விரும்பமாட்டார். எனினும், குற்றமற்றவராயிருந்தும் குற்றவாளிகளுள் ஒருவராக எண்ணப்படுவதற்குத் தம்மைக் கையளித்த ஒருவரை நாள்தோறும் வழிபடும் நாம், அந்தப் பாதையில் சில அடிகள் நடந்த ஒரு கருப்பட்டி வணிகரைக் கோழை என்று கருதியதற்காக நாணாதிருக்க இயலாது.

அன்று வந்து அழுதவரும் சில ஆண்டுகளுக்குமுன் இறைவனடி சேர்ந்துவிட்டார். அவர் இன்னார் என்று நாம் சொல்லப்போவதில்லை. நம் தந்தையார் காத்த மறைவைக் கலைக்க நமக்கு உரிமை இல்லை. நாம் கழற்ற உரிமையுள்ள முகமூடி ஒன்றே ஒன்று, அது நம்முடையது. 1974-இல் பள்ளி முற்றத்து வேப்பமரத்தடியில், "எடுத்தாலும் எடுத்திருப்பாவ" என்று சொல்லி நகைத்த சிறுவன் நாமே. ஒப்புரவு அருட்சாதனத்தில் பலமுறை சொல்லிவிட்டோம். ஆயினும் ஊர் கேட்கச் சொன்ன பொய்யை ஊர் கேட்கத்தான் திருத்த வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. தந்தையார் அந்தப் பணத்தை எடுக்கவில்லை.

மாதா சொரூபம் இன்றும் அதே பலகையில்தான் இருக்கிறது. சென்ற மாதம் தங்கை மகன் விடுமுறைக்கு வந்தபோது, எங்கோ தேடிப்பிடித்த ஒரு பழைய வால்வு வானொலிப் பெட்டியைப் பரிசாகக் கொண்டுவந்தான். எங்கே வைப்பது என்று கேட்டான். சொரூபத்தைச் சற்று நகர்த்தி, பக்கத்திலேயே இடம் செய்தோம். பெட்டியைப் போட்டதும் ஒலி வரவில்லை. பழைய பழக்கப்படி, சூடேறட்டும் என்று காத்திருந்தோம்.